ஒரு மணிக்குத் திரும்புவது

சென்ற அக்டோபரில், ஸ்காட்லாந்தின் போர்ட் வில்லியம் ஊரில், பென் நெவிஸ் மலையின் வரைபடத்தை விரித்துவைத்து நானும் நண்பரும் இரவு நெடுநேரம் வாதிட்டோம்.

“1345 மீட்டர்தானே? இமயத்தின் நாட்டிலிருந்து வந்தவர்க்கு இது ஒரு மேடு!” என்றார் அவர். மேடுதான்; ஆனால் கடல்மட்டத்தை ஒட்டிய பள்ளத்தாக்கிலிருந்தே ஏறவேண்டிய மேடு.

நெய்ஸ்மித் என்னும் மலையேறி 1892-இல் வகுத்த கணக்கைப் போட்டேன். மூன்று மைலுக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் மேலும் ஒரு மணி. ஐந்து மைல், 4400 அடி. ஏற மட்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அதுவும் ஓய்வின்றி. நண்பரின் முழங்காலை நெய்ஸ்மித் அறியார். மாலை ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும்.

உச்சியில் மூடுபனி சூழ்ந்தால் வழியே தெரியாது. இருபுறமும் செங்குத்துப் பிளவுகள். உச்சித் தூணிலிருந்து 231 பாகையில் 150 மீட்டர் எண்ணி நடந்து, பிறகு 282 பாகைக்குத் திரும்பவேண்டும். அதைத் தாளில் எழுதிக்கொண்டோம்.

காலை எட்டுக்குப் புறப்பாடு என்பதில் தகராறில்லை. “ஒரு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம்” என்றேன்.

“உச்சி கண்ணெதிரே நின்றாலுமா?”

“நின்றாலும்.”

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. இத்தனை தூரம் வந்தவருக்கு அது எளிய உடன்பாடன்று. பிறகு பென்சிலை வாங்கி, 282-க்குக் கீழே ‘1 மணி’ என்று எழுதி, விளக்கை அணைத்தார்.