தூக்குவதும் தாங்குவதும்

சாத்தூர்க் கடைத்தெருவில் ‘பாரந்தூக்கி’ என்று கேட்டால் ஒருவரும் எடுத்துத் தரமாட்டார். ‘ஜாக்கி’ என்றுதான் கேட்க வேண்டும். ஆயினும் அந்தத் தமிழ்ச்சொல் அக்கருவியின் எல்லையைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. அது பாரத்தைத் தூக்கும். தாங்கிக்கொண்டிருப்பது அதன் வேலையன்று. தாழ்ந்த காருக்கு ஜாக்கி தேடி அலைந்த நாட்களில் நாங்கள் தெளிந்த செய்தி இதுவே.

தம்பி வாங்கிவந்த பழைய கார் தரையோடு தரையாகச் செல்வது. வேகத்தடைகள் ஒவ்வொன்றும் அதன் வயிற்றை உரசிவிட்டே அனுப்பும். அதை வீட்டிலேயே தூக்கி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. கடை அண்ணாச்சியின் முதற்கேள்வி, “எத்தன டன்னு சார் வேணும்?” என்பதாக இருந்தது.

உண்மையில் டன் இங்கே பெரிய சிக்கலன்று. சிறிய காரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. ஒரு மூலையைத் தூக்கும்போது அதில் ஒரு பகுதியே ஜாக்கியின்மேல் இறங்கும். 2 டன் ஜாக்கி தாராளம். கேட்க வேண்டியது, முழுதும் இறங்கிய நிலையில் அதன் உயரம் என்ன என்பதை. பாட்டில் ஜாக்கி இறங்கிய நிலையிலேயே ஆறேழு அங்குலம் நிற்கும். தாழ்ந்த காரின் கீழ் நுழையாது. சாதாரண டிராலி ஜாக்கி 5 அங்குலம் அளவில் இருக்கும். ‘லோ புரொஃபைல்’ எனப்படுவது 3 அல்லது 3½ அங்குலம். அளக்கும்போது ஒன்றை மறத்தலாகாது: டயர் பஞ்சரான நாளில் கார் இன்னும் தாழ்ந்து நிற்கும். அந்த உயரமே கணக்கு.

கரிசல் மண் அடுத்த சிக்கல். டிராலி ஜாக்கியின் கை வட்டத்தின் வில்போல் எழுவது. ஆகவே தூக்கத் தூக்க ஜாக்கி தன் சிறு சக்கரங்களில் சற்றே நகர்ந்தாக வேண்டும். சிமெண்டுத் தரையில் அது இயல்பாக நிகழும். கோடையில் வெடித்தும் மழையில் உப்பி இளகியும் கிடக்கும் எங்கள் மண்ணில் சக்கரம் புதையும். ஜாக்கி நகராது, தூக்குமுனை காரின் விளிம்பிலிருந்து நழுவும். மண்தரை மட்டுமே உள்ளவர், டயர் மாற்றும் அளவுக்கு, கெட்டியான பலகையின்மேல் கத்தரி ஜாக்கியை வைத்துத் திருகுவதே மேல். காரின் அடியில் நுழையும் வேலையைச் சிமெண்டுத் தரையில் மட்டுமே செய்யலாம்.

ஹைட்ராலிக் ஜாக்கியின் உட்பொருள் எளியது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒன்றாகப் பரவும் என்ற பாஸ்கலின் நூல், அவர் மறைந்தபின் 1663இல் வெளிவந்தது. அவ்விதியைக் கொண்டு ஜோசப் பிராமா 1795இல் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய உருளையின் பரப்பு சிறியதைப்போல் 20 மடங்கானால் விசையும் 20 மடங்காகும். ஆனால் 20 அங்குலம் அழுத்தினால் 1 அங்குலமே உயரும். கடப்பாரையால் பாறையை நெம்பும் உழவரும் இதே வணிகத்தைத்தான் செய்கிறார்.

இதையெல்லாம் விளக்கியபோது அம்மா கேட்ட கேள்வி ஒன்றே: “ஏம்ப்பா, அந்த எண்ணெய நம்பியா புள்ள உள்ள படுக்கப் போறான்?”

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எண்ணெயைத் தடுத்து நிற்பது மெல்லிய ரப்பர் வளையம். அது தேய்ந்து எண்ணெய் கசிந்தால் பாரம் இறங்கும். எப்போது என்று சொல்லிவிட்டு இறங்காது. ஆகவே ஜாக்கியோடு ஓர் இணை இரும்பு ஸ்டாண்டும் வாங்கினோம். தமிழில் அதற்கு ‘முட்டு’ என்ற பொருத்தமான சொல் உண்டு. இணையத்தில்தான் ‘முட்டுக் கொடுத்தல்’ ஏளனமாகிவிட்டது. ஸ்டாண்டின் குறைந்த உயரமே சுமார் 11 அங்குலம் என்பதால், ஜாக்கி எவ்வளவு தாழும் என்பதோடு எவ்வளவு உயரும் என்பதையும் பார்த்தே வாங்க வேண்டியிருந்தது. செங்கல் அடுக்கு முட்டாகாது; அது நொறுங்குமுன் யாரையும் எச்சரிப்பதில்லை.

தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கையேடு காட்டும் இடத்தில் தூக்கி, முட்டின்மேல் இறக்கி, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே ஒருவர் அடியில் செல்லலாம். பணம் குறைவென்றால் சிறிய ஜாக்கி வாங்கலாம். முட்டை மட்டும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடலாகாது.