காவலர்களைப் படைத்தவர்கள்

விண்வெளிச் சாகசக் காமிக்ஸுக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. முதல் பக்கத்திலேயே ஏதாவது வெடிக்க வேண்டும். மூன்றாம் பக்கத்துக்குள், ஆபத்து ஏதோ ஒரு ஊருக்கு அல்ல, பிரபஞ்சத்துக்கே என்பது தெரிந்துவிட வேண்டும். தனி நாயகன் போதாது, ஒரு குழு தேவை. குழுவினர் எதிரியிடம் போடும் சண்டையைவிடத் தங்களுக்குள் போடும் சண்டை அதிகமாக இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் மூச்சு விடுவதற்குள் அடுத்த வெடிச் சத்தம் கேட்க வேண்டும்.

மார்வல் நிறுவனத்தின் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' 2008-ல் புது வடிவில் வெளிவந்தபோது இந்த இலக்கணத்தில் எதையும் மீறவில்லை. டான் ஆப்னெட், ஆண்டி லானிங் என்ற இரு பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் எழுத, பால் பெல்லட்டியர் படம் வரைந்தார். பிரபஞ்சத்தின் விளிம்பில் மிதக்கும், இறந்துபோன ஒரு ராட்சத தெய்வத்தின் வெட்டுண்ட தலைதான் காவலர்களின் தலைமையகம். அங்கே பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பது, சோவியத் யூனியன் விண்வெளிக்கு அனுப்பி வழி தவறிய ஒரு நாய். இந்த அமர்க்களத்துக்கு நடுவே கதையில் ஒரு நெருடலும் இருந்தது. பிறர் மனதுக்குள் புக வல்ல மாண்டிஸ் என்ற பெண்ணிடம் சொல்லி, மற்றவர்களின் மனதைத் திருப்பித்தான் தலைவன் ஸ்டார்-லார்ட் குழுவைச் சேர்த்திருக்கிறான். உண்மை வெளியானதும் குழு உடைகிறது. பிரபஞ்சத்தைக் காப்பாற்றும் நல்ல காரியமே ஆனாலும், ஒருவரைக் கேட்காமல் அவரை அதில் இழுத்துவிடலாமா? துப்பாக்கிச் சண்டைகளுக்கு இடையே இந்தக் கேள்வி எழுகிறது.

இதே கேள்வியைக் கதைக்கு வெளியிலும் கேட்கலாம். அந்தக் குழுவில் யாரும் அந்தக் குழுவுக்காகப் பிறந்தவர் அல்ல. மார்வலின் பழைய அலமாரிகளில் தூசு படிந்து கிடந்தவர்கள் அவர்கள். மரமனிதன் குரூட் 1960-ல், ஜாக் கிர்பி வரைந்த ஒரு கதையில், பூமியைத் தாக்க வந்த பூதமாக அறிமுகமானது. கரையான்களை ஏவிவிட்டு அதன் கதையை முடித்தார்கள். அப்போது மேடைப் பேச்சாளர் போல முழங்கிய குரூட், பிற்காலத்தில் தன் பெயரைச் சொல்லும் ஒரே வாக்கியத்தோடு அடங்கியது. டிராக்ஸையும் (1973) கமோராவையும் (1975) உருவாக்கியவர் ஜிம் ஸ்டார்லின். ஸ்டார்-லார்ட் 1976-ல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுத, ஸ்டீவ் கான் வரைய உருவானவன். குழுவின் பெயரும் இரவல்தான். 1969-ல் அர்னால்ட் டிரேக்கும் ஜீன் கோலனும் உருவாக்கிய வேறொரு குழுவின் பெயர் அது. அந்தப் பழைய குழுவில் ஒவ்வொருவரும் தத்தம் இனத்தில் மிஞ்சிய கடைசி ஆள்.

இப்படிப் பல கைகள் பல காலங்களில் செய்து போட்டவற்றில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, 2007-ல் ஒரே படையில் நிறுத்தியவர் கீத் கிஃபன். அதில் ஒரு பாத்திரம் அவருடைய சொந்தக் கையிலிருந்தும் வந்தது. கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட, மரநாய் சாயலுள்ள வட அமெரிக்கப் பிராணியான ராக்கூன். பேசும், சுடும், கோபப்படும். ராக்கெட் என்று பெயர். 1976-ல் 'மார்வல் பிரிவ்யூ' ஏழாம் இதழில் பில் மான்ட்லோ எழுத, கிஃபன் வரைந்து அது பிறந்தது. அப்போது அதை ராக்கி என்றுதான் அழைத்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த பெயர்.

மான்ட்லோவைத் தெரிந்தவர்கள் அவருடைய வேகத்தைச் சொல்வார்கள். வேறொரு எழுத்தாளர் கெடு தவறினால் இடத்தை நிரப்பக் கதை வேண்டும். எழுபதுகளின் மார்வலில் அதைத் தந்தவர்களில் முதன்மையானவர் அவர். பொம்மைக் கம்பெனிகளுக்காக மார்வல் வெளியிட்ட காமிக்ஸ்களும் அவர் தலையில் விழுந்தன. 'ராம்' என்ற விண்வெளி வீரன் பொம்மை கடையில் விலைபோகவில்லை. ஆனால் அதற்காக மான்ட்லோ எழுதிய காமிக்ஸ் 1979 முதல் 1986 வரை 75 இதழ்கள் ஓடியது. பொம்மை மறந்துபோயிற்று, கதை நின்றது.

1985-ல் ராக்கெட்டுக்காகத் தனியாக நான்கு இதழ்த் தொடர் ஒன்றை எழுதினார். படம் வரைந்தவர், பின்னாளில் 'ஹெல்பாய்' மூலம் புகழ்பெற்ற மைக் மிக்னோலா. கதை நடக்குமிடம் ஹாஃப்வேர்ல்ட் என்ற கிரகம். மனநோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட உலகம் அது. அவர்களைக் கவனிக்க ரோபோக்கள் விடப்பட்டிருந்தன. ரோபோக்களுக்கு அந்த வேலை சலித்துவிட்டது. எனவே அங்கிருந்த வளர்ப்புப் பிராணிகளுக்கு அறிவூட்டி, பராமரிப்பை அவற்றின் தலையில் கட்டிவிட்டன. ராக்கெட் அப்படி வந்த ஒரு காவலன். பொம்மை வியாபாரப் போர், கோமாளிப் படைகள் என்று கதை தாறுமாறாக ஓடினாலும் அடியில் இருப்பது ஒரு எளிய கேள்வி: தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களை யார் பார்த்துக்கொள்வது? கதையில் நோயாளிகள் குணமாகிறார்கள். விடுபட்ட பிராணிகள் விண்மீன்களைப் பார்க்கக் கிளம்புகின்றன.

அந்தக் காலத்திலேயே மான்ட்லோ சட்டம் படித்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைகளுக்காக வாதாடும் இலவச சட்ட உதவி வழக்கறிஞரானார். 1992 ஜூலை 17 அன்று சக்கரக் காலணிகளில் போய்க்கொண்டிருந்தவரை ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவர் யாரென்று கண்டுபிடிக்கப்படவில்லை. மூளையில் பலத்த அடி, நினைவிழப்பு. கண் விழித்த பிறகும் பழைய மனிதர் திரும்பவில்லை. காப்பீட்டுப் பணம் நின்றது, மறுவாழ்வுச் சிகிச்சையும் நின்றது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் அவருடைய ஆண்டுகள் கழிந்தன. சகோதரர் பொறுப்பேற்றுக்கொண்டார். 2007-ல் டேவிட் யுர்கோவிச் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக்கி, வருமானத்தை அவருடைய பராமரிப்புக்குத் தந்தார். மற்றவர்களைப் பேணும் பிராணிகளைக் கற்பனை செய்தவர், மற்றவர்கள் பேண வேண்டியவரானார்.

2014 ஆகஸ்டில் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' திரைப்படமாக வந்தது. உலகெங்கும் சுமார் 77 கோடி டாலர் வசூலித்தது. மான்ட்லோவுக்காகத் தனிக் காட்சி ஒன்றை மார்வல் ஏற்பாடு செய்தது. திரையில் அவர் பெயரும் கிஃபன் பெயரும் வந்தன. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. காமிக்ஸ் தொழிலில் பெயருக்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

ஆனால் பெயர் வேறு, உரிமை வேறு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'கூலிக்குச் செய்த வேலை' என்றொரு பிரிவு இருக்கிறது. அதன்படி கூலி கொடுத்த நிறுவனமே சட்டத்தின் கண்ணில் ஆசிரியர். எழுதியவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம். அதற்குமேல் கிடைப்பது நிறுவனத்தின் மனசு. 2017-ல் ஸ்டார்லின் பகிரங்கமாகவே சொன்னார்: போட்டி நிறுவனமான டிசி, தான் உருவாக்கிய ஒரு சில்லறை வில்லன் படமொன்றில் தலைகாட்டியதற்காக அனுப்பிய காசோலை, தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூவருக்கும் மார்வல் படங்களிலிருந்து கிடைத்த மொத்தத்தைவிடப் பெரியது.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு பாத்திரமும் அதைப் படைத்தவரிடமே இருந்திருந்தால் இந்தக் குழு கூடியிருக்காது. கிர்பியின் மரமும் ஸ்டார்லினின் கொலைகாரியும் மான்ட்லோவின் ராக்கூனும் ஒரே விண்கலத்தில் ஏற முடிந்ததற்குக் காரணம், எல்லோருக்கும் ஒரே முதலாளி இருந்ததுதான். பொதுச் சொத்தாக இருந்ததால் செழித்த தோட்டம் அது. ஆனால் விளைச்சலை அளக்கும்போது மட்டும் பொது என்பது மறந்துவிடுகிறது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குப் பல கவிஞர்களின் பெயர் கிடைக்கவில்லை. அதற்காகப் பாடலை அநாதையாக விடவில்லை. கவிஞரின் சொல்லையே எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படித்தான் நமக்குக் கிடைத்தார். அது மரியாதை. ஆனால் உயிரோடிருக்கும் படைப்பாளிக்கு மரியாதையோடு மருந்துச் செலவும் வேண்டும்.

கிஃபன் 2023 அக்டோபரில் காலமானார். அதே ஆண்டு மே மாதம் வெளியான மூன்றாவது படம் முழுக்க ராக்கெட்டைச் சுற்றியே நடந்தது. மரணத்தோடு போராடும் அந்தச் சின்னப் பிராணியைக் காப்பாற்றக் குழு மொத்தமும் அண்டத்தைப் புரட்டிப்போடுகிறது. தங்களில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரிடம் ஓட வேண்டும் என்பதுதான் அந்தக் குழுவின் ஒரே சட்டம். காமிக்ஸ் தொழில் தன் கதைகளிலிருந்து இதுவரை கற்காத சட்டமும் அதுதான்.