நீண்ட விசில்

முதல் நீச்சல் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு நீச்சல் மறப்பதில்லை, விசில்தான் மறந்துபோகிறது. அதனால் இரண்டு வாரம் முன்பே குளக்கரையில் விசிலோடு நிற்க ஆரம்பித்துவிடுவேன். குட்டி விசில்கள் தொடர்ந்து வந்தால் துண்டை எடுத்துவிட்டுத் தயாராக வேண்டும். நீண்ட விசிலுக்கு பிளாக் மீது ஏற வேண்டும். பேக் ஸ்ட்ரோக் என்றால் தண்ணீரில் இறங்க வேண்டும். பிறகு 'டேக் யுவர் மார்க்ஸ்'. அதற்கும் பீப் சத்தத்துக்கும் நடுவே ஓர் அமைதி வருமே, பாதிப் பிள்ளைகள் அதில்தான் விழுகிறார்கள். பக்கத்து லேன் பையனின் தோள் அசைந்தாலே போதும், குதித்துவிடுவார்கள். முந்திக் குதித்தால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. பயிற்சியில் நான் வேண்டுமென்றே பீப்பைத் தாமதிப்பேன், திட்டுவார்கள், பரவாயில்லை.

சென்னையில் வேளச்சேரிக் குளம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது, 50 மீட்டர். 25 மீட்டரிலேயே பழகிய பிள்ளை அங்கே எதிர்ச் சுவரைப் பார்த்ததும் எச்சில் விழுங்கும். வார்ம் அப்பில் செய்ய வேண்டிய முதல் வேலை, சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தொங்கும் கொடிகளிலிருந்து எத்தனை கைவீச்சில் சுவர் வருகிறது என்று மல்லாந்து எண்ணுவது. எண்ணாதவன் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான்.

மற்ற நேரமெல்லாம் காத்திருப்புதான். காலை ஏழு மணிக்குப் போனால் ஹீட் மதியம்கூட வரும். இரண்டு இட்லி, இடையில் ஒரு வாழைப்பழம் போதும். ஈவென்ட், ஹீட், லேன் எண்களைக் கையில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஒரு அம்மா கண்மைப் பென்சிலால் எழுதிவிட்டார், வார்ம் அப்பிலேயே கரைந்து, பிள்ளை யாருடைய லேனிலோ போய் நின்றாள்.

காகிள்ஸ் பட்டை கேப்புக்கு அடியில் இருக்கட்டும். ஒரு சிறுமிக்கு டைவ் அடித்ததும் அது நழுவி வாயில் மாட்டிக்கொண்டது. நடுக்குளத்தில் நின்று என்னைத் தேடினாள். கரையிலிருந்து நான் என்ன செய்ய? கழுத்துக்கு இழுத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கியபடியே முடித்தாள். அன்றிலிருந்து எங்கள் குளத்தில் சனிக்கிழமை காகிள்ஸ் இல்லாமல் ஒரு லேப் உண்டு.

போன வருஷம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒரு பையன் இரண்டாவதாக வந்தான். இரண்டு கையும் ஒரே சமயத்தில் சுவரில் பட வேண்டும். நடுவர் கையை உயர்த்தியதை அவன் பார்க்கவில்லை. ரிசல்ட் ஷீட்டில் பெயருக்கு நேரே 'டிக்யூ', தகுதி நீக்கம். அப்பா சண்டைக்குக் கிளம்பினார், அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்தால் பையன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"எந்தக் கை சார் முதல்ல பட்டுச்சு?"

"வலது."

வலது கையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "பசிக்குது சார்" என்றான்.