மூட்டையில் வரும் சுண்ணாம்பு

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டதும் ஒன்றும் நடப்பதில்லை. சற்று நேரம் சும்மா கிடக்கிறது. பிறகு ஓரங்களில் விரிசல் விட்டு, சீறி, தொட்டி முழுக்கக் கொதிக்கத் தொடங்குகிறது. அடியில் அடுப்பு கிடையாது. ஆனாலும் ஆவி முகத்தில் அடிக்கிறது. புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் பக்கத்தில், பழுதுபார்ப்பில் இருந்த ஒரு பழைய தமிழ் வீட்டின் பின்கட்டில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி என் தோளைத் தொட்டுக் காற்று வரும் பக்கமாக நகர்த்தினார்.

“அங்க நிக்காதீங்க சார். தெறிச்சா நேரா கண்ணுலதான் வந்து உக்காரும்.”

கல்லானாலும் கிளிஞ்சலானாலும் காளவாய்க்குள் போவது கால்சியம் கார்பனேட்தான். சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதிலிருந்து கரியமில வாயு கழன்று போகிறது. 100 கிலோ தூய கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய்விட, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. இழந்ததை ஈடுகட்டும் வரை அதற்கு அமைதி இல்லை. தண்ணீர் கிடைத்தால் இழுத்துக்கொள்ளும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மறுபடி கல்லாகும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு முழுதாக நீறும்போது வெளிவரும் வெப்பத்தைச் சிந்தாமல் பிடிக்க முடிந்தால், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்.

அறுபதைத் தாண்டிய மேஸ்திரிக்கு இந்த எண்கள் எதுவும் தேவைப்படவில்லை. அப்பாவிடம் கற்ற நான்கைந்து விதிகள் அவரிடம் இருக்கின்றன. முதலில் தண்ணீர், பிறகுதான் கல். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கிளறும் கம்பு ஆள் உயரத்துக்குக் குறையக் கூடாது. மூடி போட்ட டிரம்மில் ஒருநாளும் நீற்றக் கூடாது. ஆவி வெளியேற வழியில்லாமல் மூடியைத் தூக்கி அடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் சுட்ட கல்லைச் சாக்கில் கட்டி ஒழுகும் கொட்டகையில் அடுக்கக் கூடாது. நனைந்தால் சாக்கும் பலகையும் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும். கல் நீறி முடியும் வரை சித்தாள் யாரும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

இந்த ஊரின் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை அந்தச் சுவரே காட்டியது. மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய சுவர் அது. யாரோ முன்பு அதன் மேல் சிமென்டு பூசியிருக்கிறார்கள். உப்புக் காற்றும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் திண்ணையும் முற்றமுமான தமிழ் வீடுகள், அந்தப் பக்கம் உயர்ந்த மதில் வைத்த பிரெஞ்சு வீடுகள். இரண்டு பக்கமும் நின்றது இந்தக் காரையின் தயவில்தான். துமாஸ் வீதியில் 1855இல் கட்டி முடித்த தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தில், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று ஊரார் சொல்லிக் காட்டும் சுவர்கள் பளிங்கு போல வழவழக்கின்றன.

வைசியாள் வீதியைப் பழைய முகத்தோடு மீட்ட பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது வரிசையில் அங்கீகாரம் கிடைத்தது. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நின்ற நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்ததும், பழைய கட்டடங்களைப் பற்றிய கவலை ஊரில் கூடியது. அதே தோற்றத்தில் மேரியைத் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றுகிறவர்களும் இப்போது சுண்ணாம்புப் பூச்சுதான் வேண்டும் என்கிறார்கள். இயற்கையானது, குளிர்ச்சியானது, ரசாயனம் இல்லாதது என்று விளம்பரப் பலகையே வைக்கிறார்கள். அந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. சுண்ணாம்பு ரசாயனம்தான், அதுவும் கடுமையான காரம். அதை மென்மையான பொருள் என்று நம்ப வைத்துவிட்டால், கையாளுகிறவருக்குக் கண்ணாடி வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பின்கட்டுத் தொட்டியை விட எனக்கு அதிகப் பயம் தந்தது முன்கட்டு. அங்கே ஆலையில் நீற்றித் தூளாக்கிய சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. இரண்டு பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்கோடு துண்டைக் கட்டி, சல்லடையில் அதைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. வாசல் வழியாகக் கடற்காற்று வந்த ஒவ்வொரு முறையும் இருவர் இமையும் வெளுத்தது.

இந்தத் தூள் கொதிக்காது, சீறாது. அதனாலேயே எல்லோரும் இது அடங்கிப்போன சுண்ணாம்பு என்று எண்ணுகிறார்கள். வெப்பம் மட்டும்தான் அடங்கியிருக்கிறது, காரம் அப்படியே இருக்கிறது. நீர்த்த சுண்ணாம்பு கரைந்து தெளிந்த நீரின் பி.எச். அளவு 12.4. வியர்வை பட்ட இடமெல்லாம் அந்த நீர் உருவாகிறது: கழுத்து மடிப்பு, இடுப்பில் சேலை இறுகும் இடம், விரல் இடுக்கு. சலிக்கிறவர்களில் மூத்தவர் தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். ரேகை தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது.

“பேங்குல வச்சா மிஷினு எடுக்க மாட்டேங்குது சார். கையக் கழுவிட்டு வா, துடைச்சிட்டு வாங்கறான். எத்தினி வாட்டி கழுவறது?”

இடது கண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். வேறொரு வேலையில், மேலே நின்றவர் மூட்டையின் வாயை அறுத்துக் கீழே உதறியிருக்கிறார். கண் நிறையத் தூள். கசக்கியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் அன்போடு விளக்கெண்ணெய் விட்டிருக்கிறார்கள். சாரத்தின் அடியில் தண்ணீர் டிரம் நிறைய இருந்திருக்கிறது. கலவைக்கு வைத்த தண்ணீர் என்று யாரும் அதைத் தொடவில்லை. மாலையில் வேலை முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இப்போது அந்தக் கண்ணுக்கு எல்லாம் பனிமூட்டத்துக்குள் தெரிகிறது.

இதைப் பற்றிப் பின்னர் ஒரு கண் மருத்துவரிடம் கேட்டேன். அமிலம் பட்டால் கருவிழியின் மேல்புறப் புரதம் உறைந்துபோய், உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரம் திசுக்களின் கொழுப்பையே சோப்பாக மாற்றி உள்ளே வழி அமைத்துக்கொள்ளும். சுண்ணாம்பில் இன்னொரு கேடு, துகள் மேல் இமையின் உட்புறம் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காரத்தைக் கசியவிடுவது. எனவே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்கு முன்னால், பட்ட அந்த நிமிடமே, இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது, முடிந்தால் அரை மணி நேரம் கழுவ வேண்டும். கசக்கக் கூடாது. எண்ணெய், பால், தேன் எதுவும் கூடாது. பிறகு மருத்துவர் இமையைப் புரட்டி, ஒட்டியிருக்கும் துகளை எடுக்க வேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அமுக்கி விளையாடி, அது பீய்ச்சிக் கண்ணில் பட்டு வருவதும் உண்டு என்றார். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுண்ணாம்புத் தூள் கண்ணை என்ன செய்யும் என்று உலகத்துக்கு நெடுங்காலமாகத் தெரியும். 1217இல் சாண்ட்விச் கடற்போரில் ஆங்கிலேயர் சுட்ட சுண்ணாம்புத் தூளைக் காற்று வாக்கில் வீசி, பிரெஞ்சுக் கப்பலில் இருந்தவர்களைப் பார்வை மறைத்து வென்றார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆயுதமாக வீசிய பொருளின் நீர்த்த வடிவத்தைத்தான் அந்தப் பெண்கள் வெறும் கண்ணோடு சலித்துக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்புச் சாமான் வாங்கிக் கொடுத்தால் போதுமே என்பார்கள். பாதி உண்மை. பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி கட்டாயம் வேண்டும். ஆனால் வைகாசி வெயிலில் அது வியர்த்து மங்கி, சாரத்தில் நிற்பவரை விழ வைக்கும். துணிக் கையுறை ஒன்றுமில்லாததை விட மோசம். காரத் தண்ணீரை உறிஞ்சித் தோலோடு அழுத்தி வைத்திருக்கும். முழங்கை வரை வரும் ரப்பர் உறை உதவும், உள்ளே தூள் போகாதவரை. துண்டு நுண்தூளைத் தடுக்காது. காற்றில் நீர்த்த சுண்ணாம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தொழில் சுகாதாரத் துறையில் வழங்கும் வரம்பு. முன்கட்டில் வாசல் வெளிச்சத்தில் மிதந்த வெள்ளையைப் பார்க்க, அளவி இல்லாமலே அது எங்கேயோ தாண்டியிருக்கும் என்று பட்டது.

மேஸ்திரியின் பதில் வேறு. தூளே வேண்டாம் என்கிறார். கல்லாக வாங்கி, ஒரே ஒரு முறை, தேர்ந்த ஒருவர் மட்டும் நீற்றி, வடிகட்டி, குழியில் இறக்கி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க விட்டுவிட வேண்டும். தண்ணீர் காற்றை அண்ட விடாது, சுண்ணாம்பு இறுகாது. வாரக்கணக்கில் ஊற ஊற வெண்ணெயாகும். ஆறிப்போன விழுது அது. பறக்காது, மூச்சில் ஏறாது. தோலை அரிப்பது மட்டும் மாறாது, ஆனால் அதற்குக் கையுறையும் தண்ணீரும் போதும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்தால் சுவரில் பிடிக்கும் பிடியும் அதற்குத்தான் அதிகம் என்கிறார். களத்தில் சுண்ணாம்பு நீற்றி விழுது தயாரிக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 1635 என்று ஒரு நெறிமுறையே வைத்திருக்கிறது.

பின் ஏன் மூட்டை வருகிறது? நேரம் இல்லை. குழிக்கு இடம் வேண்டும், வாரங்கள் வேண்டும். விடுதியோ டிசம்பர் சீசனுக்குத் திறந்தாக வேண்டும். பிரித்துக் கொட்டி அன்றே கலக்கலாம் என்பதே தூளின் வசதி. பழைய கலவையைத் தேடி எடுத்த நாம் அதன் காத்திருப்பை மட்டும் விட்டுவிட்டோம், அந்தக் காத்திருப்பில்தான் பாதுகாப்பும் இருந்தது என்பது என் எண்ணம். காரையில் சேர்க்கும் செங்கல் தூளான சுர்க்கிக்கும் இதுவே பொருந்தும். செங்கலை இடித்துச் சலிக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கினால் திரும்பப் போகாது. நனைத்து இடித்தால் தூசி எழாது, வேலை மெதுவாகும். மறுபடி நேரம்தான்.

சட்டம் இந்த வீடுகளுக்குள் அதிகம் வருவதில்லை. கட்டடத் தொழிலாளருக்காக 1996இல் வந்த சட்டம், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் என்று எல்லை வகுத்தது. மரபு வீட்டு வேலையில் அன்றாடம் நிற்பது ஆறேழு பேர். ஆகவே வீட்டுக்காரரும் கட்டடக் கலைஞரும் போடும் மதிப்பீட்டுத் தாளில்தான் இது எழுதப்பட வேண்டும்: குழி, அதன் மேல் கூரை, கலவைத் தண்ணீரோடு கலக்காத ஒரு தனிக் குழாய், கண்ணாடி, ரப்பர் உறை, இவற்றோடு சுண்ணாம்பு ஊறும் வாரங்களுக்கான இடைவெளி. சன்னல் கண்ணாடியின் நிறத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குகிற அந்தத் தாளில் இதற்கு நாலு வரி தாராளமாகக் கிடைக்கும்.

மேஸ்திரிக்கு அடுத்த வேலை ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம் பேசி முடிந்திருக்கிறது. மழைக்கு முன்னால் கொல்லையில் குழி தோண்டக் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் முதலில் மூன்று வாரம் வீணா என்று தயங்கி, பிறகு சம்மதித்துவிட்டார். குழாய்க்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

“குழாய் வரலைன்னா நான் கல்லு எறக்கப் போறதில்ல சார், சொல்லிட்டேன்” என்றார்.