வீட்டு ரவுட்டரின் உள்ளும் புறமும்

பிராட்பேண்ட் இணைப்புள்ள வீடுகளில் கூடத்துச் சுவரிலோ தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ பொருத்தப்படும் ரவுட்டர், இணையச் சேவை நிறுவனத்தின் வலையமைப்பு முடிந்து வீட்டின் சொந்த வலையமைப்பு தொடங்கும் எல்லையில் நிற்கும் கருவியாகும். அந்த எல்லையின் வெளிப்பக்கத்தை ‘வான்’ என்றும் உள்பக்கத்தை ‘லேன்’ என்றும் குறிப்பர். பெட்டியின் பின்புறத் துளைகளிலும், உலாவியில் திறக்கும் அமைப்புப் பக்கத்திலும் இவ்விரு பெயர்களே பெரும்பாலும் காணப்படும். வெளிப்பக்க அமைப்புகள் நிறுவனம் வகுத்தவை, உள்பக்க அமைப்புகள் வீட்டாரின் பொறுப்பில் உள்ளவை என்ற பிரிவினை எளிதாகத் தோன்றினாலும், நடைமுறை தலைகீழாக இருக்கிறது: இணையம் நின்றுபோன பதற்றத்தில் தொடக்கூடாத வெளிப்பக்க எண்களை மாற்றிவிடுகிறவர்கள், மாற்றியே ஆகவேண்டிய உள்பக்க அமைப்புகளை, இணைப்பு கொடுக்க வந்த ஊழியர் விட்டுச்சென்ற நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

இன்று பரவலாகிவிட்ட ஃபைபர் இணைப்பில், தெருக்கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழையின் ஒளியை மின்குறிகளாக மாற்றும் ‘ஓஎன்டி’ என்னும் கருவியும் ரவுட்டரும் பல வீடுகளில் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. ‘ஜிபான்’ எனப்படும் முறையில், வீட்டை நோக்கி வரும் தரவு 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியிலும், வீட்டிலிருந்து செல்லும் தரவு 1310 நானோமீட்டர் ஒளியிலுமாக, ஒரே இழையில் ஒன்றையொன்று தடுக்காமல் போய் வருகின்றன. வரவேண்டிய ஒளி வராதபோது ‘லாஸ்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரியும். எங்கோ குழி தோண்டியதிலோ லாரி உரசியதிலோ இழை ‘கட்’ ஆகியிருக்கக்கூடும் என்பதே அதற்குப் பொருளாதலால், அந்நேரத்தில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எதை மாற்றினாலும் பயன் இராது. மாற்றிவைத்தது மறந்துபோய், இழை சரியான பிறகும் இணையம் வராமல் தவிக்க நேரிடலாம்.

அந்தச் சிவப்பு விளக்கு எரியாதிருந்தும் இணைப்பு கிடைக்காவிட்டால் கவனிக்க வேண்டியது ‘பிபிபிஓஇ’ என்னும் நுழைவு முறையாகும். தொலைபேசிக் கம்பிவழி மோடம் இயங்கிய காலத்தில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்நுழைந்த அதே ஏற்பாட்டை ஈதர்நெட் வலையமைப்பின்மீது நிகழ்த்துவதற்காக 1999இல் வரையறுத்து வெளியிடப்பட்ட இம்முறை, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் எட்டு பைட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொள்வதால், 1500 பைட்டாக இருக்கவேண்டிய பொட்டல அளவு 1492ஆகக் குறைகிறது. அமைப்புப் பக்கத்தில் ‘எம்டியு’ என்ற பெயரில் நிற்கும் இந்த 1492 என்ற எண்ணைப் பிழையென்று எண்ணித் திருத்தினால், சில தளங்கள் உடனே திறக்கவும் சில தளங்கள் பாதியில் நின்று சுற்றிக்கொண்டிருக்கவுமான விந்தையான கோளாறு தோன்றக்கூடும். இதனோடு நிறுவனம் தரும் ‘வீலேன்’ எண் ஒன்றும் உண்டு. ஒரே இழையில் இணையம், தொலைபேசி போன்ற சேவைகளைத் தனித்தனியே பிரிப்பதற்கான அடையாளம் அது. ஊகித்துக் கண்டுபிடிக்கத் தக்க எண் அன்று.

உள்பக்கத்துக்கு வந்தால், பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட தாளில் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரி அச்சிடப்பட்டிருக்கும். வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண்ணான ஐபி முகவரி, பழைய நான்காம் பதிப்பில் 32 பிட் நீளமுடையது. அதனால் கிடைக்கும் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள்தொகைக்கே போதாத இந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும் என்பதை முன்னுணர்ந்த பொறியாளர்கள், எந்த வீடும் எந்த அலுவலகமும் யாரையும் கேட்காமல் தமக்குள் பயன்படுத்திக்கொள்ளத்தக்க முகவரிகளை 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணத்தில் ஒதுக்கிவைத்தனர். 192.168 என்று தொடங்கும் 65,536 முகவரிகள் அவற்றுள் ஒரு தொகுதி. தெருவுக்குத் தெரு பிள்ளையார் கோயில் இருந்தும் அந்தந்தத் தெருவாருக்குக் குழப்பம் நேராததுபோல, கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே 192.168.1.1 இருந்தும் எந்த வீட்டுக்கும் இடைஞ்சல் இல்லை. வெளியுலகுக்கு அவ்வீடு காட்டும் முகவரி வேறு ஒன்று. உள்ளேயிருக்கும் கைபேசியும் மடிக்கணினியும் அனுப்பும் கோரிக்கைகளை அந்த ஒரே வெளிமுகவரியில் அனுப்பி, வரும் விடைகளை ‘போர்ட்’ எண்ணைக் கொண்டு பிரித்துச் சேர்க்கும் முறைக்கு ‘நேட்’ என்று பெயர்.

உலகளாவிய பொது இருப்பிலிருந்த நான்காம் பதிப்பு முகவரிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்து முடிக்கப்பட்டுவிட்டதால், பல நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குத் தனி வெளிமுகவரி தராமல், பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடக்கிவைக்கின்றன. ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் காணும் வெளிப்பக்க முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்டதாகத் தொடங்கினால், அவ்வீடு இத்தகைய கூட்டு ஏற்பாட்டில் இருக்கிறது என்று கொள்ளலாம். வாசலில் பொருத்திய கேமராவை வெளியூரிலிருந்து நேரே பார்க்க விரும்பி, ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பகுதியில் திரும்பத் திரும்ப எண்களை இட்டுச் சலித்துப்போகும் பலருக்கு, தடை தம் வீட்டுப் பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்பதை எவரும் சொல்வதில்லை. 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு முகவரிகளே இதற்கு நிலையான தீர்வு. நிறுவனம் வழங்கினால் ரவுட்டரில் அதை இயக்கிவைப்பது நன்று.

வீட்டுக்குள் கருவிகளுக்கு முகவரி வழங்கும் பணியை ‘டிஎச்சிபி’ செய்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் குறித்த கால அளவுக்கு ஒரு முகவரியைக் குத்தகைக்குக் கொடுத்து, காலம் முடிந்தால் புதுப்பிக்கும் இந்த ஏற்பாட்டில், அச்சுப்பொறி போன்று இடம் மாறக்கூடாத கருவிக்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவைக்கவும் இடமுண்டு. மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்து, கீழிருந்து கம்பி இழுத்து இணைக்கும் வீடுகளில்தான் இதன் அருமை தெரியவரும். இரண்டு பெட்டிகளும் தம்மை 192.168.1.1 என்றே அறிவித்துக்கொண்டு, இரண்டுமே முகவரி வழங்கத் தொடங்கினால், காலையில் கிடைத்த இணையம் மாலையில் கிடைக்காது. எந்தக் கருவிக்கு எப்போது கிடைக்கும் என்பதும் தெரியாது. இரண்டாவது பெட்டியின் முகவரியை முதற்பெட்டி வழங்கும் வரிசைக்கு வெளியே, எடுத்துக்காட்டாக 192.168.1.250 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கம்பியை அதன் ‘வான்’ துளையில் செருகாமல் ‘லேன்’ துளையில் செருகினால் அது வெறும் வைஃபை நிலையமாக அடங்கி நடக்கும். கடையில் புதிய கருவி வாங்கச் செலவிடுவதற்குமுன் இதைச் செய்துபார்ப்பது மேல்.

வைஃபை அலைவரிசையைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை: 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும், 5 கிகாஹெர்ட்ஸ் அருகில் வேகம் தரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. வைஃபையின் பெயரைத் தமிழில் இடலாம் என்பது பலர் அறியாத செய்தி. பெயரின் உச்ச அளவு 32 பைட். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. ‘தாய் வீடு’ 25 பைட்டில் அடங்கிவிடும். ‘அன்பு இல்லம்’ 34 பைட் ஆகி இடம்கொள்ளாது. அடங்கும் பெயரையும் சில ரவுட்டர்களின் அமைப்புப் பக்கம் ஏற்க மறுப்பதுண்டு. அது தயாரிப்பாளரின் அலட்சியமேயன்றி விதியின் குறையன்று.

கடவுச்சொல் என்பது ரவுட்டரில் ஒன்றன்று, இரண்டு: வைஃபையில் சேர்வதற்கானது ஒன்று, அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கானது மற்றொன்று. முன்னதை விருந்தாளிக்குக்கூடச் சொல்லத் தயங்கும் வீடுகளில் பின்னது ‘அட்மின்’ என்ற ஆலைச்சொல்லாகவே கிடக்கிறது. ஆலையில் இட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் அறுபது சொச்சத்தை மட்டும் வரிசையாக முயன்றுபார்த்து, கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றிய ‘மிராய்’ என்னும் தீநிரல், 2016 அக்டோபர் 21 அன்று பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் ‘டிஎன்எஸ்’ சேவை நிறுவனமொன்றைத் தாக்க, அமெரிக்காவில் பெரிய தளங்கள் பல மணிநேரம் திறக்காமல் போயின. அமைப்புப் பக்கத்தைத் திறக்க முடிந்தவர் ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியை மாற்றி, வங்கித் தளத்தைத் தேடும் வீட்டாரைப் போலித் தளத்துக்கு அனுப்பவும் முடியும். இணைப்பு கொடுக்க வரும் ஊழியர் வைஃபை கடவுச்சொல்லாக வீட்டுக்காரரின் கைபேசி எண்ணையே இட்டுச்செல்வதும் நம் ஊர் வழக்கமாகிவிட்டது. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்குவதால் சாத்தியங்கள் 400 கோடியைத் தாண்டா. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள ஒரு கணினி அவற்றை ஒரு நாளுக்குள் முயன்று முடித்துவிடும். பொத்தானை அழுத்தி இணைக்கும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதியின் எட்டிலக்க எண்ணோ, பாதிப் பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் 11,000 முயற்சிகளுக்குள் உடைபடும் என்பது 2011இலேயே வெளிப்பட்டது. அதை அணைத்துவிட்டு, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று வைத்துக்கொள்வது நன்று.

இவற்றை மாற்றும்போது தவறு நேர்ந்தால் பெட்டியின் பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியை அழுத்தி ‘ரீசெட்’ செய்யலாம் என்று பலரும் துணிந்து சொல்வர். அந்தப் பொத்தான் உள்பக்கத்தோடு வெளிப்பக்கத்தையும், பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், வீலேன் எண் உட்பட, துடைத்துவிடுவது வழக்கம். ஆகவே ஊசியை எடுப்பதற்குமுன் சேவை நிறுவனத்திடம் அம்மூன்றையும் கேட்டு வாங்கி, கைபேசியில் அல்லாமல் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேட்டுப் பெற வாடிக்கையாளருக்குத் தயக்கம் வேண்டியதில்லை.