கடனோ பாபா?

"டகடனோபாபாவா? அது எந்த மடம்டா?" என்று கேட்டாள் அம்மா.

தோசைக் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாத பிள்ளை, வேலையை விட்டுவிட்டு ஏதோ ஒரு பாபாவிடம் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்குத்தான் கை நடுங்காது?

டகடனோபாபா என்பது சாமியார் இல்லை, டோக்கியோவில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் என்று புரியவைப்பதற்குள் இரண்டு தோசை கருகிவிட்டன.

அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "முதல் எழுத்தை எடுத்துட்டா 'கடனோ பாபா'ன்னு வருது. பார்த்துப் போ!" என்றார். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவர். எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்குக் கடன்தான் முதலில் தெரியும்.

இது நடந்தது 2017-ல். நான் பி.காம். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களை டிக் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு ஆடிட் போகும்போது அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பேன். ஜப்பான்காரர் சொல்வதைத் தமிழில் சொல்வார். தொழிலாளி சொல்வதை ஜப்பானிய மொழியில் சொல்வார். நடுநடுவே டீ குடிப்பார். ஒரு நாள் அவருடைய சம்பள வவுச்சரை டிக் அடிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு! அந்த வாரமே ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். வாக்கியம் அமைப்பதில் நமக்கு இங்கிலீஷைவிட ஜப்பானிய மொழி சுலபம். 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை அவர்களும் இதே வரிசையில்தான் சொல்கிறார்கள். நம்முடைய 'கு' இருக்கிற இடத்தில் அவர்களுக்கு 'நி', அவ்வளவுதான். 'சாப்பிட்டுப் பார்' என்கிறோமே, அவர்களும் 'தபெதே மிதே' என்கிறார்கள். அச்சு அசலாகச் 'சாப்பிட்டு', அப்புறம் 'பார்'! எழுத்துதான் வில்லன். அன்றாட உபயோகத்துக்கு என்று அரசாங்கம் போட்டிருக்கும் பட்டியலிலேயே 2,136 காஞ்சி எழுத்துகள். (காஞ்சி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

அங்கேயே போய்ப் படித்தால்தான் வாய் வரும் என்று தோன்றியது. ஒரு ஏஜென்டைப் பார்க்கப் போனேன். சுவர் முழுக்க செர்ரிப் பூ.

"பேங்க் பேலன்ஸைப் பத்திக் கவலையே படாதீங்க தம்பி. உங்கப்பா அக்கவுண்ட்ல நாங்களே பணம் போட்டுக் காட்டிடுவோம். வட்டி மட்டும் குடுத்தாப் போதும். அங்க போய் பார்ட் டைம் வேலை பார்த்தே வீட்டுக்கு மாசம் லட்ச ரூபா அனுப்பலாம்!"

"எந்த ஸ்கூல் சார்?"

"எந்த ஸ்கூலா இருந்தா என்ன? விசா வருதான்னு பாருங்க!"

வீட்டுக்கு வந்து ஒப்பித்தேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஸ்பான்ஸர்னு கையெழுத்துப் போடறது யாரு?"

"நீங்கதாம்ப்பா."

"அப்ப என் கணக்குல இருக்கறது என் பணமாத்தான் இருக்கணும்."

உள்ளே போய்ப் பாஸ்புக்கைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். ரிடையர் ஆனபோது வந்ததில் அக்கா கல்யாணம் போக மிச்சம் எட்டு லட்சம். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏஜென்டை விட்டுவிட்டு நேரடியாகவே பள்ளிகளுக்கு எழுத ஆரம்பித்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஜப்பானில் மாணவர் விசாவுக்கு முதல் படி தூதரகம் இல்லை, பள்ளிக்கூடம்தான்! நம் பேப்பர்களை வாங்கி அங்குள்ள இமிக்ரேஷன் ஆபீஸில் கொடுப்பது பள்ளி. அவர்கள் பரிசீலித்துத் தகுதிச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சென்னையில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழுக்கு ஆயுள் மூன்று மாதம். எனக்குத் தபாலில் வந்தது. 2023-லிருந்து ஈமெயிலிலும் வருகிறது.

ஆகவே பள்ளியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் விசாவும் கோணல், படிப்பும் கோணல். ஆறு பள்ளிகளுக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். படித்தவர்கள் கடைசியில் எங்கே போனார்கள், காலேஜுக்கா வேலைக்கா? ஒரு வகுப்பில் எத்தனை பேர், எந்தெந்த நாடு? மாணவர்களின் வருகை எத்தனை சதவீதம்? நான்கு பள்ளிகள் செர்ரிப் பூ படம் அனுப்பின. ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று மட்டும் மூன்றுக்கும் நம்பர் போட்டுப் பதில் அனுப்பி, கூடவே என்னையும் ஒரு கேள்வி கேட்டது. "உங்களுக்கு 29 வயது. வேலை இருக்கிறது. ஏன் இப்போது?"

'சின்ன வயதிலிருந்தே ஜப்பானியக் கலாசாரத்தின் மேல் காதல்' என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. "உண்மையான காரணத்தை எழுதவும்." ஒரகடத்து டீயையும் வவுச்சரையும் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்!

2018 ஏப்ரலில் போய் இறங்கினேன். விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை, அதன் முதுகில் வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று ஒரு முத்திரை. பதினான்கு நாளுக்குள் வார்டு ஆபீஸில் விலாசம் பதிய வேண்டும். பாபாவும் தரிசனம் தந்தார். ரயில் கிளம்பும்போது அந்த ஸ்டேஷனில் ஆஸ்ட்ரோ பாய் கார்ட்டூனின் பாட்டு ஒலிக்கிறது. பக்கத்திலேயே வசேடா பல்கலைக்கழகம். எங்கு பார்த்தாலும் மாணவர் கூட்டம், மலிவான நூடுல்ஸ் கடைகள்.

அறைத் தோழன் சேலத்துப் பக்கம். 22 வயது. "அண்ணா, அண்ணா" என்று ஒட்டிக்கொண்டான். அவன் வந்தது ஏஜென்ட் வழியாக, வேறொரு பள்ளிக்கு. பத்து லட்சம் கடன், ரெண்டு வட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பி.காம் புத்தி சும்மா இருக்காமல் அவன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். டோக்கியோவில் அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 958 யென் (2019-ல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது). வாரம் 28 மணி வீதம் நாலு வாரத்துக்குச் சுமார் 1,07,000. செலவு? வாடகைப் பங்கு 30,000. சாப்பாடு 25,000. ரயில், போன், இன்ஷூரன்ஸ் 10,000. ஊரில் வட்டி இருபதாயிரம் ரூபாய், அதாவது 33,000 யென். அடுத்த வருஷப் பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் 62,000. மொத்தம் 1,60,000. துண்டு 53,000!

அந்தத் துண்டை அடைக்க மாதம் 55 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமில்லை. அவன் இடம் கண்டுபிடித்தான். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. விடிந்து வந்து படுத்தால் காலை வகுப்பு எங்கே? "நாளைக்குப் போயிடறேன்ணா" என்பான் போர்வைக்குள்ளிருந்து.

ஏஜென்ட் அவனிடம் பொய்யே சொல்லவில்லை என்றுகூடச் சொல்லலாம். வேலை கிடைக்கும் என்றான், கிடைத்தது. விசா வரும் என்றான், வந்தது. கணக்கை மட்டும் சொல்லவில்லை.

2019 ஜூனில் இரண்டு பேருக்கும் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. எனக்குப் புது அட்டை வந்தது. அவனுடைய வருகை 71 சதவீதம், சம்பளமோ 28 மணிக்கு மேல். மறுத்துவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், "அண்ணா, கடைசியா ஒரு சாம்பார் வெச்சிரலாம்" என்றான். பருப்பு வாங்க அடுத்த ஸ்டேஷனான ஷின்-ஒகுபோ போனோம். அங்கே படிக்கட்டில் ஒரு நினைவுப் பலகை உண்டு. தினமும் பார்த்திருக்கிறோம், நின்று படித்ததில்லை. அன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

2001 ஜனவரி 26. தண்டவாளத்தில் விழுந்துவிட்ட ஒருவரைக் காப்பாற்ற இரண்டு பேர் குதித்தார்கள். ரயில் வந்துவிட்டது. மூன்று பேரும் போய்விட்டார்கள். குதித்தவர்களில் ஒருவர் லீ சூ-ஹ்யோன், கொரியாவிலிருந்து வந்த 26 வயது இளைஞர். எங்களைப் போல மொழிப் பள்ளி மாணவர். அனுதாபத்தோடு மக்கள் அனுப்பிய பணத்தை அவருடைய பெற்றோர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஆசிய நாடுகளிலிருந்து வந்து மொழிப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "இப்படி ஒரு உதவி இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையேண்ணா" என்றான்.

நானும் கேட்டுத் தெரிந்து சொல்லவில்லை. துண்டு விழும் கணக்கைப் போட்டுக் காட்டியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்தச் சாம்பாரில் உப்பு அதிகம்.

2019 கடைசியில் ஊர் திரும்பினேன். மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது, இப்போது டீயும் குடிக்கிறேன். 2024 ஏப்ரலில் ஜப்பானில் புதுச் சட்டம் வந்து, மொழிப் பள்ளிகள் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்று ஆகிவிட்டது. பழைய பள்ளிகளுக்கு ஐந்து வருஷ அவகாசம். அதனால் என்னிடம் யோசனை கேட்டு வரும் பையன்களை, பள்ளி அங்கீகாரம் வாங்கிவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் அந்த மூன்று கேள்வி. அதற்கும் அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் வரவு செலவு. துண்டு விழுந்தால் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே சேர்த்துக்கொண்டு போகலாம், ஜப்பான் எங்கேயும் ஓடிவிடாது.

அப்பாவுக்குக் கடைசித் தவணையைக் கொடுத்த அன்று டைரியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு மூடினார்.

சேலத்துத் தம்பி ஊரில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டு கடனை அடைத்தான். போன பொங்கலுக்குப் போன் செய்தான். "கடைசி வட்டி கட்டிட்டேன்ணா!"

பக்கத்தில் இருந்த அப்பாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையனை ஒரு நாள் சாப்பிட வரச் சொல்லு" என்றார்.