மலைப்பயிர், அடுக்குமாடி வீடு

ஜனவரி 19, ஞாயிறு

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கொரிய ஸ்ட்ராபெரி வந்து குவிந்திருக்கிறது. இது அதன் காலம். ஒரு பெட்டி வாங்கி வந்து, நன்றாகப் பழுத்த ஒன்றை மகளுக்காகக் காம்பிலிருந்து நுனிவரை நெடுக அறுத்தேன். நடுவில் வெளுத்த தண்டு. அதிலிருந்து மெல்லிய வெள்ளை நரம்புகள் சதைக்குள் புகுந்து தோல்வரை ஓடுகின்றன. ஒவ்வொரு நரம்பும் ஒரு விதையின் காலடியில் போய் நிற்கிறது. இத்தனை காலம் தின்றும் இதைப் பார்த்ததில்லை என்றாள் அவள்.

நாம் விதை என்று சொல்லும் அந்தப் பொட்டுகள்தாம் தாவரவியல்படி பழங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை இருக்கிறது. சிவந்த சதை, பூவின் அடித்தளம் பருத்தது. அதைப் பருக்க வைப்பதும் அந்தப் பொட்டுகளே. நிட்ச் என்ற அறிவியலாளர் 1950இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. பிஞ்சிலிருந்து பொட்டுகளையெல்லாம் கிள்ளியெடுத்தால் பிஞ்சு அப்படியே நின்றுவிட்டது. ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்தால் அந்த வரிசையை ஒட்டி மட்டும் சதை பிடித்தது. விதையிலிருந்து சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன்தான் காரணம். பெட்டியில் ஒரு பழம் ஒரு பக்கம் சூம்பிப் போயிருந்தது. அந்த இடத்தில் பொட்டுகள் மிகச் சிறியவையாக, ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. அங்கே மகரந்தம் சரியாகச் சேரவில்லை.

தோலை மெல்லியதாகச் சீவி, டிஷ்யூ தாளில் பரப்பிக் காயவைத்திருக்கிறோம்.

ஜனவரி 26, ஞாயிறு

காய்ந்த தோலை விரலால் தேய்த்ததும் விதைகள் உதிர்ந்தன. கடுகைவிடச் சிறியவை. ஈரத் தாளில் மடித்து, காற்றுப் புகாத பையில் போட்டு, ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். குளிர்காலம் உள்ள நாட்டுச் செடி இது. இலையுதிர் காலத்தில் முளைத்தால் பனியில் செத்துப்போகும் என்பதால், குளிர் வந்து போகும்வரை பல விதைகள் உறங்குகின்றன. சில வாரக் குளிர் கிடைத்தால் முளைப்பு சீராக இருக்கும். சிங்கப்பூரில் அந்தக் குளிர்காலம் சமையலறையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

விதைத்தாயிற்று. தென்னை நார்த்தூளை நனைத்துத் தட்டில் நிரப்பி, மேலே தூவி, லேசாக அழுத்தினோம். மண் போட்டு மூடவில்லை, இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை புரண்டு ஓடிவிடும். அதனால் அடித்தட்டில் நீர் ஊற்றி உறிஞ்ச விடு என்பார்கள். குளிர்நாட்டுக்கு அது நல்ல யோசனை. இங்கே தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரத்தில் அது கொசுவாகிவிடும். பூந்தொட்டித் தட்டைத் தூக்கி நீரைக் கொட்டுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். போன ஆண்டு எங்கள் புளோக்கிலேயே டெங்கி வந்தது. அதனால் நாங்கள் தட்டே வைக்கவில்லை. தெளிப்பானால் புகைபோல நீர் விடுகிறோம், காலையும் மாலையும்.

மார்ச் 8, சனி

முளைத்துவிட்டது! பள்ளிப்பையைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். நூல்போன்ற வெளிர்பச்சைத் தண்டு, அதன்மேல் எள்ளளவு இரண்டு வட்ட இலைகள். ஒன்றின் தலையில் விதையின் ஓடு இன்னும் தொப்பிபோல ஒட்டியிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

பாதி நாற்று போய்விட்டது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து இளைத்து, காலையில் நின்றது மாலையில் சாய்ந்துவிடுகிறது. நாற்றழுகல். நம் காற்றின் ஈரம் பூஞ்சைக்கு விருந்து. மீதியை எடுத்து ஜன்னலோரம், காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவான பூமலையில் நடந்தோம். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. முந்தின ஆண்டு பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குப் போன விதையின் பிள்ளைகள் அவை. பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பிறகு மலாயா முழுவதும் ரப்பர் பரவியது. அதன் பின்னால் நம் மக்கள் கங்காணிகளோடு கப்பலேறினார்கள். என் கொள்ளுத்தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ரப்பருக்கு இந்த மண்ணும் மழையும் தாய்வீடு போலவே இருந்தன. ஒரு விதை பிடிப்பதும் பிடிக்காததும் எத்தனை குடும்பங்களின் ஊரை மாற்றிவிடுகிறது!

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்று சிற்றிலைகள் கொண்ட இலை வந்துவிட்டது. ஓரமெல்லாம் அரம்போன்ற பல். இப்போது பார்த்தால் யாரும் ஸ்ட்ராபெரி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எல்லாச் செடியும் ஒரே பழத்தில் பிறந்தும் ஒன்றுபோல இல்லை. ஒன்றின் இலை அகலம், இன்னொன்றின் காம்பில் ரோமம் அதிகம்.

அது இந்தப் பயிரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1714இல் ஃபிரேசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலியிலிருந்து பெரும்பழச் செடிகளைக் கொண்டுபோனார். கடற்பயணத்தில் ஐந்துதான் பிழைத்தன. ஐந்தும் பெண் செடிகள், தனியாக இருந்தவரை காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜீனியச் செடி பக்கத்தில் வளர்ந்தபோது அதன் மகரந்தம் கிடைத்துக் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்றைய ஸ்ட்ராபெரி. எட்டு மடங்கு குரோமோசோம் கொண்டது, 56. இப்படிக் கலந்து பிறந்ததால் விதை போட்டால் தாயைப் போல் வராது. தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் ஓடுகொடியில் வேர்விடும் கன்றைத்தான் நடுகிறார்கள். விதையிலிருந்தே நல்ல பழம் வேண்டுபவர்கள் ஆல்பைன் என்னும் சிறுபழ வகையைத் தேடுவார்கள், அது ஏறக்குறைய தாயைப் போலவே வரும்.

மே 11, ஞாயிறு

கீழ்மாடி மாமா வந்து பார்த்தார். எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் வெண்டையும் புதினாவும் போடுகிறவர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "செடி நல்லா இருக்கும்மா. ஆனா இது மலைச் சரக்கு. அங்கே ராத்திரி போர்வை இல்லாம தூங்க முடியாது. இங்கே ராத்திரியும் புழுங்குது, எங்கே பூக்கப் போகுது?" என்றார்.

அவர் சொன்னதுதான் முழுக் காரணம். பல ஸ்ட்ராபெரி வகைகளுக்குப் பகல் குறுக வேண்டும், இரவு குளிர வேண்டும். பகல் பற்றிக் கவலையில்லை, இங்கே ஆண்டு முழுதும் 12 மணி நேரம்தான். ஆனால் இரவிலும் வெப்பம் வழக்கமாக 23 முதல் 25 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அந்தச் சூட்டில் செடி இலைவிடும், பூ மொட்டுக் கட்டாது. கேமரன் மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கே காய்க்கிறது. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் மகாபலேஷ்வரிலும் அப்படியே. சிங்கப்பூரில் சிங்ரோ நிறுவனம் குளிரூட்டிய கூடத்தில், எல்இடி விளக்கொளியில் இதைக் காய்க்க வைத்திருக்கிறது. அது மெச்சத்தக்க உழைப்பு. அதற்காக ஒரு தொட்டிக்கு வீட்டில் இரவெல்லாம் குளிர்சாதனம் ஓட்டுவது சரியென்று எனக்குப் படவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

செடிகள் தொட்டி நிறைய இலை விரித்திருக்கின்றன. பூ இல்லை. மகள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு செடிக்கும் பெயர் வைத்து, இலை அளந்து, நோட்டில் படம் வரைந்துவைத்திருக்கிறாள்.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வரும் ஊர் இது. 2020இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பியபோது அவற்றில் இருந்தவை கீரையும் காய்கறியும். அது சரியான தேர்வு. சமையலுக்கு வேண்டுமென்றால் தண்டுக்கீரை போடுங்கள், ஒரு மாதத்தில் குழம்புக்கு வந்துவிடும். ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால், அடுத்த முறை ஸ்ட்ராபெரி வாங்கும்போது ஒரு பழத்தின் தோலைச் சீவி விதையையும் எடுத்துவையுங்கள். பழம் கிடைக்காது என்பதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தொட்டியின் அடியில் நீர் தேங்கவிடாதீர்கள். பொது நடைபாதையில் வைப்பதாக இருந்தால் 1.2 மீட்டர் வழி விட்டு வையுங்கள்.